அருமைநாயகத்துக்கு ஒரு விருது

அழைப்பிதழில் இரண்டு பெயர்கள் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தன. முதற்பெயர் செண்பகவல்லியுடையது. தென்கரைப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் நூலகர் அவர். இன்று முப்பத்தெட்டுப் பல்கலைக்கழக நூலகங்களை நடத்திவரும் 'வல்லி' என்னும் இயந்திர அறிவுக்கு அச்சாக அமைந்தவரும் அவரே. ஆகையால் அவருக்குப் பொன்னாடை. இரண்டாவது பெயர் திரு. தி. அருமைநாயகம், பகுதிநேர ஆய்வாளர், வரலாற்றுத் துறை. கடந்த இரண்டாண்டுகளில் மாநிலத்திலேயே மிகுதியான நூல்களை இரவல் பெற்றவர் என்பதால் அவருக்குச் 'சிறந்த வாசகர்' விருது.

செண்பகவல்லி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. பிழை வேறிடத்தில் இருந்தது. தி. அருமைநாயகம் என்றொரு மனிதர் பிறக்கவே இல்லை. அந்த உண்மை உலகத்தில் தம் ஒருவருக்கு மட்டுமே தெரியும் என்று அவர் இருபத்தைந்து ஆண்டுகளாக நம்பியிருந்தார்.

நடந்தது இதுதான். பத்தாண்டுகளாக எவரும் இரவல் பெறாத நூல்களைக் கழித்துக் காகித ஆலைக்கு அனுப்பிவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டில் ஒரு விதி வந்தது. அவ்வாண்டே இரண்டு லாரிகளில் பதினோராயிரம் நூல்கள் போயின. ஒரே பிரதியாக இருக்கும் நூல்களுக்கு விலக்கு வேண்டும், காலியாகக் கிடக்கும் பணியிடங்களை நிரப்ப வேண்டும் என்று செண்பகவல்லி பதிவாளருக்கு ஒரு மடல் எழுதினார். பதில் இல்லை. மறு ஆண்டு ஜூன் முதல் தேதியில் 'நினைவூட்டு 1' எழுதினார். அதற்கும் பதில் இல்லை. மூன்றாவது நினைவூட்டும் கிணற்றில் போட்ட கல்லானபோது லாரி மறுபடியும் வந்து நின்றது. அன்றைக்குத்தான் அவர் ஓர் உறுப்பினர் படிவத்தை எடுத்து, தம் முத்து முத்தான கையெழுத்தில், பிறவாத ஒரு மனிதரின் பெயரை எழுதினார்.

அது முதல் ஒவ்வொரு மே மாத விடுமுறையிலும் அருமைநாயகம் நூல் எடுத்தார். கழிவுப் பட்டியலில் விழவிருந்த நூல்களை மட்டும் எடுத்தார். பதினைந்தாம் நாள் தவறாமல் திருப்பிக் கொடுத்தார். அப்படி ஓர் ஒழுங்கான வாசகரை அந்த நூலகம் கண்டதில்லை.

ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் பொறுக்காத பெண்மணி, பதிவேட்டில் பொய் எழுதினார் என்பதைச் சிலர் நம்பமாட்டார்கள். அவராலேயே அதை முழுமையாக நம்ப முடிந்ததில்லை. நினைவூட்டுகளை மட்டும் அவர் நிறுத்தவில்லை. பணி ஓய்வு பெற்ற ஆண்டில் எழுதியது இருபத்தாறாவது.

விழா வியாழக்கிழமை பதினோரு மணிக்கு. செண்பகவல்லி ஒன்பது மணிக்கே வளாகத்துக்கு வந்துவிட்டார். கைப்பையில் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கு அடியில், மஞ்சள் பூத்த ஓர் உறுப்பினர் அட்டை இருந்தது. ஓய்வு பெற்ற நாளில் மேசையைக் காலி செய்தபோது அவர் வீட்டுக்கு எடுத்துச்சென்ற ஒரே பொருள் அதுதான். அதை இன்று என்ன செய்யப்போகிறார் என்பது அவருக்கே தெரியாது. யாரிடமாவது தனியாகச் சொல்லி, சத்தமில்லாமல் பெயரை நீக்கிவிடலாம் என்று ஒரு நப்பாசை.

நூலகத்தின் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. உள்ளே எல்லாம் அவர் வகுத்தபடியே இருந்தது. மேற்கு மூலையில் போட்டித் தேர்வு மாணவர்கள் அமரும் இடத்துக்கு நேரே இரண்டு மின்விசிறிகள் கூடுதலாகச் சுழன்றன. ஏழே முக்கால் பேருந்தில் போகும் பெண்களுக்காக அவர் போராடி வாங்கிய மாலை நேரம் அறிவிப்புப் பலகையில் அப்படியே இருந்தது. இதழ்கள் கிழமைவாரியாக அடுக்கப்பட்டிருந்தன. சன்னல்கள் வெயிலின் திசையறிந்து மூடித் திறந்தன. ஆனால் ஆளில்லை. நாற்காலிகள் வரிசை கலையாமல் இருந்தன. பகலில் நாற்காலிகள் வரிசை கலையாத நூலகத்தைவிட அருவருப்பான காட்சி வேறில்லை என்று அவர் ஒருகாலத்தில் பணியாளர்களைக் கடிந்ததுண்டு.

விவர மேசை இருந்த இடத்தில் ஒரு திரை நின்றது. ஒன்பது பேர் பணியாற்றிய நூலகத்தில் இப்போது ஒரே ஒருவர்தான். அடுக்குகளுக்கு இடையிலிருந்து தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு அவர் வந்தார். நூலடுக்குப் பணியாளர் பேச்சிமுத்து, ஐம்பத்துநான்கு வயது, செண்பகவல்லியோடு இருபது ஆண்டுகள் வேலை பார்த்தவர்.

"வாங்கம்மா. மெலிஞ்சு போயிட்டீயளே," என்றார். "பொன்னாட போத்துதாவளாம்லா? கனத்துல கீழ விழுந்துராதீய."

"வண்டி நிறையப் புத்தகம் இருக்கே. வாசகர் வராங்களா, பேச்சிமுத்து?"

பேச்சிமுத்து சிரித்தார். வண்டியை 'இரவலுக்குத் தயார்' என்று எழுதியிருந்த அடுக்கின் அருகே நிறுத்தினார். அந்த நீண்ட அடுக்கில் ஏற்கெனவே ஆயிரம் நூல்களுக்குக் குறையாமல் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு நீட்டிக்கொண்டிருந்தது. செண்பகவல்லி ஒரு சீட்டை இழுத்துப் பார்த்தார். தி. அருமைநாயகம். அடுத்ததும் அவரே. அதற்கடுத்ததும் அவரே.

வல்லி தினமும் காலையில் ஒரு பட்டியல் தரும் என்று பேச்சிமுத்து விளக்கினார். அதன்படி அடுக்கிலிருந்து நூல்களை எடுத்துவந்து இங்கே வைக்க வேண்டும். எவரும் வரமாட்டார்கள். பதினைந்தாம் நாள், திரும்பிவிட்டன என்று இன்னொரு பட்டியல் வரும். பழைய இடத்திலேயே கொண்டுபோய் அடுக்க வேண்டும். ஒருநாளைக்குத் தொண்ணூறு நூல்கள். முட்டி தேய்ந்துவிட்டது.

"ரெண்டு வருஷமாவா? இல்லாத ஆளுக்கா? ஏன் யாருகிட்டயும் சொல்லலை?"

பேச்சிமுத்து அவரை விசித்திரமாகப் பார்த்தார்.

"நீங்கதான் வீட்ல இருந்து பண்ணுதீயன்னுல்லா நெனச்சேன்," என்றார். "உங்களக் காட்டிக் குடுக்கச் சொல்லுதீயளாக்கும்?"

பேச்சிமுத்து தொடர்ந்தார். முத்திரைக் கட்டையைத் துடைத்து வைப்பவர் அவர். விடுமுறை முடிந்து ஜூனில் வந்து பார்த்தால், பூட்டிக் கிடந்த நூலகத்தில் முத்திரை மை மட்டும் காயாமல் ஈரமாக இருக்கும். முதல் ஆண்டிலேயே அவருக்கு விளங்கிவிட்டதாம். ஒரு சொல் வெளியே விட்டதில்லை.

மூடி வைத்த பொய்க்கு இருபது ஆண்டுகளாகக் காவல் நின்ற மனிதரின் முன்னால் ஒரு நன்றி சொல்லக்கூட அவருக்கு வெட்கமாக இருந்தது. அப்போதுதான் திரையின் அருகிலிருந்து ஒரு குரல் கேட்டது. அது செண்பகவல்லியின் குரலே. இரண்டாண்டு இளமையான குரல்.

"தாங்கள் கேட்ட நூல் இரவலில் உள்ளது. நூல் திரும்பியதும் தங்களுக்குத் தெரிவிக்கப்படும்."

திரையின் முன்னே ஒரு பெண் நின்றிருந்தார். நாற்பது கடந்த வயது, தோளில் துணிப்பை. அவர் திரையோடு வாதாடவில்லை. வாதாடிச் சலித்தவர்களின் நிதானத்தோடு திரும்பிப் பேச்சிமுத்துவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

பெயர் குருவம்மாள். உப்பளக் குடும்பம். பகலில் ஒரு தொழிற்சங்க அலுவலகத்தில் கணினி வேலை. மீதி நேரத்தில் உப்பளத் தொழிலாளரின் கண்நோய் பற்றி முனைவர் பட்ட ஆய்வு. வெயிலில் பளபளக்கும் உப்பைப் பார்த்துப் பார்த்தே பார்வை போன அறுநூறு பேருக்கு நிவாரணம் கேட்டு ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அப்படி ஒரு நோய் இந்தப் பகுதியில் என்றுமே பதிவானதில்லை என்று எதிர்த்தரப்பு சாதித்தது. பதிவாகியிருந்தது. 1978ஆம் ஆண்டு மருத்துவர் குழு ஒன்று நானூற்றுப் பன்னிரண்டு தொழிலாளரின் கண்களைப் பரிசோதித்துத் தட்டச்சில் அடித்த அறிக்கை. உலகத்தில் ஒரே பிரதி. அது இந்த நூலகத்தில் இருந்தது.

"நாளைக்குக் கடைசி விசாரணைம்மா," என்றார் குருவம்மாள். "நூலகச் சான்றோட நகல் குடுத்தாத்தான் ஏத்துக்கிடுவாங்க. இரவல்ல போன பொஸ்தகத்துக்கு இது சான்று தராதாம். பதினோரு மாசமாக் கேக்கேன். ஒரே ஆளு, திருப்புதாரு, அடுத்த நாளே மறுபடி எடுக்காரு. யாருன்னு தெரிஞ்சா வீட்டுக்கே போயி அவரு கால்ல விழுந்து வாங்கிக்கிடுவேன்."

செண்பகவல்லி அடுக்கைப் பார்த்தார். மூன்றாவது தட்டில் பழுப்பு அட்டையோடு அந்த அறிக்கை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் நினைவு துல்லியமானது. இந்த அறிக்கையை அவர் முதன்முதலில் 2016இல் அருமைநாயகத்தின் பெயரில் எழுதியிருந்தார். காகித ஆலையிலிருந்து அதைக் காத்தது அந்தப் பொய்தான். இன்று உரியவர் வந்து நிற்கும்போது வாசலை அடைத்துக்கொண்டு நிற்பதும் அதே பொய்தான்.

மேல்தளத்தில் விழா ஏற்பாட்டைக் கவனித்துக்கொண்டிருந்த நசீமாவை அவர் தேடிப் பிடித்தார். வல்லியை உருவாக்கிய குழுவின் பொறியாளர் நசீமா; முப்பது வயது; ஓய்வுக்கு முந்தைய மூன்றாண்டுகள் செண்பகவல்லியின் அறையிலேயே உட்கார்ந்து குறிப்பெடுத்தவர். அப்போது அதற்கு ஆவணப்படுத்தல் என்று பெயர் சொன்னார்கள். எந்த இதழை நிறுத்துவது, எவரை எந்தப் பிரிவில் அமர்த்துவது, தேர்வு மாதத்தில் எந்த வேலையைத் தள்ளிப்போடுவது என்று அவருடைய ஒவ்வொரு முடிவையும் பதிவு செய்தார்கள். பழைய பதிவேடுகளையும் முழுமையாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு நூலகரின் மேலாண்மைத் திறனைத் தோலைப்போல உரித்தெடுத்து இன்னோரிடத்தில் போர்த்திவிடலாம் என்று அவர்கள் எண்ணியது அவருக்கு அன்று விளங்கவில்லை. விளங்கியிருந்தால் கையொப்பம் இட்டிருக்கமாட்டார்.

"அருமைநாயகத்தை உங்க இயந்திரம் எங்கே பிடிச்சுது?" என்று கேட்டார்.

நசீமா கையிலிருந்த பலகைக் கணினியைத் திருப்பிக் காட்டினார். தஞ்சையில் ஒரு வீரசேனன். கொங்குப் பக்கத்தில் ஒரு நாச்சிமுத்து. வடக்கே ஒரு தணிகாசலம். பல்கலைக்கழகத்துக்கு ஒருவராக முப்பத்தெட்டுப் பேர், அந்தந்த ஊருக்குப் பொருந்தும் பெயர்கள், எவருக்கும் முகமில்லை.

"நாங்க எதையும் சொல்லிக்கொடுக்கல, மேடம். நீங்க எடுத்த முடிவுகளைப் பாத்து அதுவா கத்துக்கிச்சு. காரணம் அதுக்குத் தெரியாது. புத்தகம் கழிவுக்குப் போற நிலை வந்தா ஓர் உறுப்பினர் அதை எடுக்கணும். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். நான் ஆறு மாசத்துக்கு முன்னாடியே மேல சொன்னேன். இரவல் எண்ணிக்கை நல்லாத்தானே இருக்கு, ஏன் கையை வைக்கிறன்னு கேட்டாங்க."

"என் அருமைநாயகம் வருஷத்துக்கு ஒரு தடவைதான் எடுப்பார். உங்க ஆள் விடாம எடுக்கறாரே?"

"வேகமாச் செய்யறதுதானே மேடம் இயந்திரம்."

"சரி. உண்மையான வாசகர் ஒருத்தர் வந்து கேட்டா நான் அந்தக் கணமே கொடுத்திருப்பேன். அதை ஏன் கத்துக்கலை?"

நசீமா தயங்கினார். "இருபத்துமூணு வருஷப் பதிவையும் பாத்தாச்சு. அந்தப் புத்தகங்களை யாருமே வந்து கேட்டதில்ல, மேடம். கேட்டவருக்கு நீங்க எடுத்துக் கொடுத்ததுக்கு ஒரு உதாரணம்கூட அதுல இல்ல."

செவிட்டில் அறைந்ததுபோல் இருந்தது. கேட்க ஒருவரும் வராத நூல்களை ஒருநாள் ஒருவர் கேட்பார் என்று நம்பித்தான் இத்தனையும் செய்தார். முதலாமவர் வந்துவிட்டார், கொடுக்கும் கை இல்லை.

உடனே அட்டையை எடுத்துத் திரையில் காட்டி நூலைத் திருப்பிவிடலாம் என்று அவர் இறங்கினார். நசீமா தடுத்தார். விருதுக்குரியவரின் எண்ணிக்கை மாறிவிடக் கூடாது என்பதால் அந்தக் கணக்கைப் பதிவாளர் அலுவலகம் நிறுத்திவைத்திருந்தது. விருதாளர் மேடைக்கு வந்து, அட்டையைக் காட்டி, நேரில் சரிபார்க்கப்பட்ட பிறகே அது திறக்கும். வராவிட்டால் வரும்வரை திறக்காது.

இன்னொன்றையும் நசீமா சொன்னார். குரலைத் தாழ்த்திச் சொன்னார். வல்லி இன்றைக்கும் செண்பகவல்லியைப் பார்த்துத்தான் கற்கிறது. அவர் தம் பெயரில் ஒரு முடிவெடுத்தால் முப்பத்தெட்டு இடங்களிலும் அது செல்லும்.

பதிவாளர் ஞானதுரையின் அறையில் ரோஜா மாலைகள் தட்டில் அடுக்கப்பட்டிருந்தன. நல்லவர் என்று பெயரெடுத்தவர். எவரையும் எதிர்த்துப் பேசாத நல்லவர். செண்பகவல்லி அமராமலேயே விஷயத்தைத் தொடங்கினார். அருமைநாயகம் என்ற பெயரை அவர் முடிக்கும் முன்பே ஞானதுரை முகம் மலர்ந்து, அந்த மனிதர் தொலைபேசியை எடுப்பதில்லை, ஆயினும் விருதென்றால் வராமலா போவார் என்றார். பிறகு தாமாகவே அன்றைய மகிழ்ச்சிச் செய்தியை உடைத்தார். இரவல் இரண்டாண்டுகளில் இரு மடங்காகியிருக்கிறது. ஆளே இல்லாமல் நூலகம் இத்தனை சிறப்பாக நடக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆகவே தொள்ளாயிரம் கல்லூரிகளுக்கும் வல்லி விரிவாக்கப்படுகிறது; நூலகர் பணியிடங்கள் அனைத்தும் நீக்கப்படுகின்றன; ஆணை இன்று மேடையில் வாசிக்கப்படும்.

"அந்த இரவலே பொய், சார். நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க."

ஞானதுரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மேடம், விழா முடியட்டும். எதுவா இருந்தாலும் எழுதிக் கொடுங்க. பாப்போம்."

எழுதிக் கொடுங்க, பாப்போம். இந்த மூன்று சொற்களின்மேல்தான் இந்த நாட்டில் எத்தனையோ அலுவலகங்கள் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கின்றன. ஒரு மடலும் இருபத்தாறு நினைவூட்டுகளும் எழுதிக் கொடுத்தவர் செண்பகவல்லி. அவர் உண்மையை எழுதியபோது எவரும் படிக்கவில்லை. பொய்யை எழுதிய பிறகு அதற்கு விருது கொடுக்கிறார்கள். எழுதுவது இனி இல்லை என்று அந்த அறையை விட்டு வெளியேறியபோது அவர் முடிவு செய்தார்.

கலையரங்கம் நிறைந்திருந்தது. கல்லூரிகளிலிருந்து பேருந்தில் அழைத்துவரப்பட்ட நூலகர்கள் பின்வரிசைகளில் இருந்தார்கள். தங்கள் பணியிடத்தை நீக்கும் ஆணைக்குக் கைதட்டத்தான் வந்திருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. மேடைக்குப் பின்னால் சுவரளவு திரை. அதில் முப்பத்தெட்டு நூலகங்களிலும் அவ்வாண்டு நிகழ்ந்த இரவலின் மொத்தம் ஒளிர்ந்தது: 4,12,608. கடைசி வரிசையில் பேச்சிமுத்துவும் குருவம்மாளும் நின்றார்கள். நூலகத்தைப் பூட்டிவிட்டு வருமாறு அவர்களை அழைத்தவர் செண்பகவல்லிதான்.

பொன்னாடை போர்த்தினார்கள். அது உண்மையிலேயே கனத்தது. துணைவேந்தர், செண்பகவல்லியின் திறமை இனி அழிவற்றது என்றார். ஒருவர் உயிரோடிருக்கும்போதே அவரைப் பற்றி அப்படிச் சொல்வது எவ்வளவு அநாகரிகம் என்பதை அந்த அவை உணர்ந்ததாகத் தெரியவில்லை. அடுத்ததாகச் சிறந்த வாசகரை அழைத்தார்கள். திரு. தி. அருமைநாயகம் அவர்கள் மேடைக்கு வருக. கைதட்டல் எழுந்தது. எவரும் வரவில்லை. மறுபடி அழைத்தார்கள். தலைகள் பின்னால் திரும்பின. மூன்றாம் முறை அழைத்துவிட்டு ஞானதுரை ஒலிவாங்கியைப் பொத்திக்கொண்டு யாரையோ கடிந்துகொண்டார்.

செண்பகவல்லி பொன்னாடையை மடித்து நாற்காலிமேல் வைத்தார். நான்கு மூலையும் பொருந்த மடித்தார். எழுந்து மேடையின் நடுவே வந்து, கைப்பையைத் திறந்து, மஞ்சள் பூத்த அட்டையை ஞானதுரையின் கையில் கொடுத்தார்.

"சரிபாருங்க, சார். உறுப்பினர் எண் 471."

ஞானதுரை அட்டையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"இது அவரோட அட்டையாச்சே. அவர் எங்கே?"

"நான்தான் அவர்."

சிலர் சிரித்தார்கள். வேடிக்கை என்று எண்ணியிருப்பார்கள். செண்பகவல்லி ஒலிவாங்கியைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார். உரத்துப் பேசவில்லை; படிப்பகத்தில் பேசும் அளவுக்கே பேசினார். பதிவேட்டில் இருபத்துமூன்று ஆண்டுகள் பொய் எழுதியதாகவும், அது குற்றமே என்றும், அதற்கான தண்டனையை ஏற்பதாகவும் முதலில் சொன்னார். ஒழுங்குள்ள வாக்குமூலம் அப்படித்தான் தொடங்க வேண்டும். பிறகு முகமில்லாத முப்பத்தெட்டு வாசகரின் பெயர்களையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"என் திறமைன்னு நீங்க பிரதி எடுத்தது என் கையாலாகாத்தனத்தை," என்றார். "கேட்ட இடத்துல பதில் வராததால பொய் சொன்னேன். அந்தப் பொய்யைக் காட்டி இப்போ நூலகரே வேண்டாம்னு ஆணை போடப்போறீங்க. பின்னாடி உக்காந்திருக்கவங்களுக்கு அது தெரியணும். நசீமா, அருமைநாயகம் எல்லாப் புத்தகத்தையும் திருப்பிக் கொடுக்கறார். அவர் பேர்ல பதிவான பொய் இரவலையும் கணக்குல இருந்து அழிச்சிடறார். எழுதிக்கோங்க. ஒரு வாசகர் காத்திருக்கறதால கொடுக்கறார். காரணத்தையும் சேத்து எழுதுங்க."

நசீமா ஞானதுரையின் முகத்தைப் பார்க்கவில்லை. விரல் பலகைக் கணினிமேல் ஓடியது.

திரையில் எண் ஒருகணம் அசையாமல் நின்றது. பிறகு இறங்கத் தொடங்கியது. நான்கு லட்சம் மூன்றரையானது, மூன்றானது. தஞ்சையில் வீரசேனன் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தணிகாசலமும் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். திரையை அணைக்குமாறு யாரோ கத்தினார்கள். சுவிட்சு எங்கே என்பது தெரிந்த பணியாளர் போன ஆண்டே நீக்கப்பட்டிருந்தார். எண் 61,340இல் வந்து நின்றது. உயிருள்ள வாசகர்கள் மாநிலம் முழுவதும் எடுத்த நூல்கள் அவ்வளவே.

பின்வரிசைகளில் ஒருவரும் கைதட்டவில்லை. அவர்கள் எழுந்து நின்றிருந்தார்கள்.

"இன்னும் ஒண்ணு," என்றார் செண்பகவல்லி. "இனி அந்தப் புத்தகம் எல்லாம் கழிவுப் பட்டியல்ல இருக்கும். ஆயிரக்கணக்குல. காப்பாத்த இனி அருமைநாயகம் வரமாட்டார். ஆலைக்கு அனுப்பணும்னா அனுப்புங்க. ஆனா ஒவ்வொரு புத்தகத்துக்கும் கீழே ஒரு மனுஷன் தன் பேரெழுதிக் கையெழுத்துப் போடட்டும்."

அன்று ஆணை வாசிக்கப்படவில்லை. மதியம் ஒன்றரை மணிக்கு உப்பளத் தொழிலாளர் கண்நல அறிக்கை, சான்றோடு நூற்றுநாற்பது பக்க நகலாக வெளிவந்தது. குருவம்மாள் அதைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு, காலில் விழப்போவதுபோல் குனிந்தார். செண்பகவல்லி அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"பக்கத்தை எண்ணிப் பாத்தீங்களா? முதல்ல அதைப் பாருங்க."

குருவம்மாள் எண்ணினார். பேச்சிமுத்து பக்கத்தில் நின்று கூடவே எண்ணினார். சரியாக இருந்தது.

பத்து நாள் கழித்துச் செண்பகவல்லி விசாரணைக்கு அழைக்கப்பட்டார். ஓய்வூதியம் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது, அதை அவர் எதிர்பார்த்தே இருந்தார். அறையில் ஞானதுரை தனியாக இருந்தார். மாலைகள் இல்லை. இரவு பகலாகத் தூங்காத முகம். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் ஒரு கட்டுக் காகிதத்தை மேசைமேல் நகர்த்தினார்.

வல்லி வெளியே அனுப்பிய மடல்கள் அனைத்தையும் விசாரணைக்காக எடுத்தபோது இவை கிடைத்தனவாம். இயந்திரம் அனுப்பும் மடல்களை எவரும் திறப்பதில்லை. தாமாகவே குப்பைக் கூடைக்குப் போய்விடும்படி அலுவலகம் அமைத்திருந்தது. முப்பத்தெட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து இரண்டு ஆண்டுகளும் ஜூன் முதல் தேதியில் தவறாமல் இதே அலுவலகத்துக்குப் போயிருக்கின்றன. மொத்தம் எழுபத்தாறு.

செண்பகவல்லி மேலே இருந்ததை எடுத்தார். அமைப்பு அவருடையது. ஓரத்தில் விட்ட இடம்கூட அவருடையது.

'நினைவூட்டு 28. பெறுநர்: பதிவாளர். பொருள்: காலிப் பணியிடம் நிரப்புதல் தொடர்பாக. ஐயா, இந்நூலகத்தில் நூலகர் பணியிடம் ஒன்று இரண்டு ஆண்டுகளாகக் காலியாக உள்ளது. எந்நூலை வைத்துக்கொள்வது என்பதை மட்டுமே என்னால் முடிவு செய்ய இயலுகிறது. எந்நூலை எவருக்குக் கொடுப்பது என்பதை முடிவு செய்ய ஒருவர் தேவைப்படுகிறார். இது குறித்து முன்பு அனுப்பிய இருபத்தேழு நினைவூட்டுகளுக்கும் மூல மடலுக்கும் பதில் வரவில்லை.'

ஞானதுரை மேசையைப் பார்த்துக்கொண்டு, இதை எழுத அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்.

செண்பகவல்லி காகிதங்களைத் தட்டி விளிம்பு பொருத்தினார். எழுபத்தாறையும் தேதி வரிசைப்படி அடுக்கினார். பிறகு அவற்றைப் பதிவாளரின் முன்னால் வைத்து, மேசையின் ஓரத்தில் கிடந்த முத்திரைக் கட்டையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"உள்வரவு முத்திரை இல்லை, சார். போடுங்க. தேதியோட."

ஞானதுரை அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு முத்திரைக் கட்டையை எடுத்தார். முதல் தாளில் அழுத்தியபோது ஒன்றும் பதியவில்லை, மை காய்ந்திருந்தது. செண்பகவல்லி கைப்பையைத் திறந்து, தாம் எப்போதும் உடன் வைத்திருக்கும் மைப்பெட்டியை எடுத்து வைத்தார். அது ஈரமாக இருந்தது.